பீர்மேட்டில் நான் வரைந்த வட்டங்கள்

கண் பரிசோதகர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலருக்கு, அந்தக் காலத்தில் கார்னியாவின், அதாவது கருவிழியின், வடிவத்தை எப்படி அளந்தோம் என்று எழுதித் தரும்படி சண்முகம் கேட்டான். நான் வேலை பார்த்த பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் என் கடைசி வருடங்களில் என்னோடு வேலை பார்த்தவன். இப்போது பொள்ளாச்சியில் ஒரு கண் மருத்துவமனையில் பரிசோதனைப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறான். எழுதுவதற்கு முன், இந்தக் காலத்தில் எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிடலாமே என்று, கேரள எல்லையில் நான் குடியிருக்கும் கோபாலபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். போயிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. தெளிவாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று இருந்தவன், பார்த்து வந்த பிறகு எதையும் வரிசையாகச் சொல்ல முடியாதவனாகிவிட்டேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

சண்முகம் என்னையே இயந்திரத்தின் முன் உட்கார வைத்தான். ஒரு நீலக் கீற்று என் கண்ணைச் சுற்றி வந்தது. அவ்வளவுதான். திரையில் என் கருவிழி ஒரு தேசப்படம்போல வந்து நின்றது. பச்சை, மஞ்சள், ஓர் ஓரத்தில் சிவப்பு, இன்னோர் ஓரத்தில் நீலம்.

"பச்சை சமதரைங்க சார். மஞ்சள், சிவப்பெல்லாம் மேடு. நீலம் பள்ளம்" என்றான்.

எந்தத் தரைக்கு மேல் மேடு என்று கேட்டேன். இயந்திரமே ஒரு பந்தைக் கற்பனை செய்துகொள்ளுமாம். கண்ணின் பரப்போடு முடிந்தவரை ஒத்துப்போகிற பந்து. அந்தப் பந்தைவிடக் கருவிழி எங்கே உயர்ந்திருக்கிறது, எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதுதான் படம். பிறகு அவன் அந்தப் பந்தின் அளவைச் சற்று மாற்றினான். சிவப்பு மஞ்சளானது. நீலம் சுருங்கியது. கண் அதே கண்.

"இதில் எதுப்பா நிஜம்?"

"ரெண்டும் நெசந்தானுங்க. எதோட ஒப்பிடறோம்ங்கறதுதானுங்க விசயம்."

நாங்கள் உயரத்தை அளந்ததே இல்லை; வளைவைத்தான் அளந்தோம். கருவிழியின் முன்பரப்பு கண்ணாடி மாதிரி. அதில் ஒரு வடிவத்தைப் பிரதிபலிக்க வைத்து, அது எவ்வளவு சிறுத்துத் தெரிகிறது, எப்படிக் கோணுகிறது என்று பார்ப்போம். கருவிழிக்குப் பின்பரப்பு ஒன்று உண்டு என்று படித்திருந்தோம். அதன் வடிவத்தை யாரும் பார்த்ததில்லை. சண்முகம் அடுத்ததாகக் காட்டியது ஒரு கல்லூரிப் பெண்ணின் கண். முன்பரப்புப் படம் முழுக்கப் பச்சை. பின்பரப்புப் படத்தில் மையத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு தீவு. கருவிழி மெலிந்து கூம்பாகத் தள்ளிக்கொண்டு வரும் நோயின் தொடக்கம் அது.

"முன்னாடி ஒண்ணுமே தெரியாதுங்க சார். சில பேருக்குப் பின்னாடிதானுங்க மொதல்ல கெளம்பும்" என்றான்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எனக்குப் பீர்மேட்டில் பார்த்த ஒரு பெண்ணின் கண் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு நான் செய்த தவறைத்தான் இங்கே எழுத வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு முன்கதை.

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, பி.எஸ்ஸி. முடித்து, கண்ணாடிப் பவர் பார்க்கும் இரண்டு வருடப் படிப்பையும் முடித்துக்கொண்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எங்களுக்குத் தலைமை மணி டாக்டர். கல்பாத்திக்காரர். குரலை உயர்த்த மாட்டார். ஒரு விஷயத்தில் சந்தேகம் இருந்தால் அதே கேள்வியை அதே குரலில் இரண்டாம் முறை கேட்பார். முதல் தடவை கேட்பது தகவலுக்கு. இரண்டாம் தடவை கேட்டால், உன்னை நம்பவில்லை, திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம். கூட்டிப் பெருக்குகிறவர் வரை இது எல்லாருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டர் ஒன்று இருந்தது. கனத்த இரும்புச் சாதனம். மேசையை விட்டு நகராது. நோயாளியின் தாடையை ஏந்தியில் வைத்து, கருவிழியில் விழும் இரண்டு பிம்பங்களைத் தொட்டும் தொடாமலும் சேரும்வரை திருகி, எண்ணைப் படிக்க வேண்டும். நடுக் கருவிழியில் ஒரு சின்ன இடத்தை மட்டும்தான் அது சொல்லும். ஓரங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க எங்களிடம் இருந்தது ஓர் அட்டை. சாப்பாட்டுத் தட்டின் அகலம். வெள்ளையில் கருப்பு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு. நடுவில் ஒரு துளை, துளையில் ஒரு சிறு லென்ஸ். கொல்லங்கோட்டில் கடைப் பலகை எழுதும் ஒருவரைக் கொண்டு நானே கெட்டி அட்டையில் வரைந்து வாங்கியது. நோயாளியை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, வெளிச்சம் அட்டையில் படும்படி பிடித்துக்கொண்டு துளை வழியாகப் பார்த்தால், அவர் கருவிழியில் ஆறு வட்டங்களும் பொடியாகத் தெரியும். நல்ல கண் என்றால் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

அந்த அட்டையை முதன்முதலில் காட்டியபோது மணி டாக்டர் வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"கோணலாத் தெரிஞ்சா ஒடனே எழுதிடாதே. அட்டையைக் கால் வட்டம் திருப்பு. கோணலும் கூடவே திரும்பித்துன்னா அது அட்டையோட தோஷம். திரும்பாம அங்கேயே நின்னுதுன்னா கண்ணோட தோஷம். மனசுலாச்சோ?"

மனசுலாச்சு, புரிந்தது என்றேன். அவர் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். நோயாளியின் சீட்டில் இரண்டு வெற்று வட்டங்கள் ரப்பர் முத்திரையால் பதித்திருக்கும். வலது கண், இடது கண். அட்டையில் பார்த்ததைப் பார்த்தபடி அதற்குள் பென்சிலால் வரைய வேண்டும். வார்த்தையில் எழுதினால் ஏற்க மாட்டார்.

எழுபதுகளின் நடுவில், ஒரு மழை வருடத்தில், பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கண் முகாம் நடத்தப் போனோம். மணி டாக்டர், நான், ஒரு கம்பவுண்டர், வேன் ஓட்டும் சித்தூர்க்காரர் மாரப்பன். கெரட்டோமீட்டரை எடுத்துப் போக முடியாது. அட்டையை மட்டும் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் ஆளெடுப்புக் கொட்டகையில் தட்டி வைத்துத் தடுத்து, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் டாக்டரும் உட்கார்ந்தோம். மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றது. எழுத்து அட்டவணை சுருண்டுகொண்டு சுவரில் நிற்க மறுத்தது. சீட்டுகள் நமத்துப்போய் பென்சில் சரியாகப் பதியவில்லை. என் வட்ட அட்டையும் வளைந்திருக்கும் என்று நான் முனகியதற்கு மாரப்பன் சிரித்தார். "அட்டைய வுடுங்க சார். என்ற மீசையே வளைஞ்சு போச்சுங்க இந்த ஈரத்துல."

அந்தப் பேச்சு காலையிலா, அந்தப் பெண் வந்து போன பிறகா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இது முக்கியம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

பெண்ணின் பெயர் மரியபுஷ்பம். இருபது வயது இருக்கும். கொழுந்து எடுப்பவள். தாயோடு வந்திருந்தாள். அழைத்து வந்தவர் அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளரான கண்டக்டர். சில மாதங்களாக இவள் கூடையில் முற்றிய இலை அதிகம் வருகிறதாம். பல முறை எச்சரித்தும் திருந்தவில்லை. கேட்டால் கண் சரியில்லை என்கிறாளாம். "டாக்டர் சீட்டு என்ன சொல்லுதோ அதுதான்" என்று சொல்லிவிட்டு, அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அட்டவணையில் மேலே உள்ள பெரிய எழுத்துகளைத் தாண்டி அவளால் படிக்க முடியவில்லை. எந்த லென்ஸ் போட்டாலும் பார்வை ஏறவில்லை. என்னம்மா தெரிகிறது உனக்கு என்று கேட்டேன்.

"எலையச் சொல்லட்டா, வெளக்கச் சொல்லட்டா சார்? வெளக்குன்னா வாலு மொளைச்சு நிக்கி. எலைன்னா ஒரு கொழுந்து நாலு கொழுந்தா நிக்கி. எதக் கிள்ளன்னு தெரியாம நடுவுல கை வைக்கேன். முத்தின எல வந்துருது."

விளக்குக்கு வால் முளைப்பதும் ஒன்று நாலாகத் தெரிவதும் கூம்புக் கருவிழியின் அடையாளம்; இன்றைக்கு எந்தப் பயிற்சி மாணவனும் இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவான். அப்போது எனக்கு அது நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்த பேச்சாகப் பட்டது. ஏனென்றால் அதே நேரத்தில் தாய் குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, இவ பேருலதான் லயத்து வீடு இருக்கு. பேர வெட்டிட்டா நாங்க எறங்கணும். கண்ணுல நோவுன்னு நீங்க ஒரு வார்த்த எழுதிட்டா, பிள்ளைக் காப்பகத்துல வேல போட்டுக் குடுப்பாவ. பேரும் நிக்கும்."

அவள் சொன்னது உண்மை. லயம் என்கிற வரிசை வீடுகள் எஸ்டேட்டில் பெயர் உள்ள தொழிலாளர்களுக்குத்தான்; அதுதான் நடைமுறை. நோய் என்று சீட்டு இருந்தால் இலேசான வேலைக்கு மாற்றுவார்கள், பெயர் பதிவில் இருக்கும், வீடு இருக்கும். நோய் இல்லை என்றால் வேலையில் குறை என்று பெயரை வெட்டுவார்கள். அன்று காலையிலிருந்து மூன்று பேர் இதே மாதிரி சீட்டுக்காகக் கெஞ்சியிருந்தார்கள். அவர்கள் கண்ணில் ஒன்றும் இல்லை. நான்காவது ஆளாகத்தான் இந்தத் தாயை என் மனம் எடுத்துக்கொண்டது.

அட்டையை எடுத்தேன். கொட்டகைக் கதவுக்கு முதுகு காட்டி அவளை உட்கார வைத்தேன். வெளிச்சம் மங்கல். வலது கண்ணில் வட்டங்கள் வட்டமாக இல்லை. கீழ்ப்பக்கம் ஒன்றோடொன்று நெருங்கி, மேல்பக்கம் விலகி, மொத்தத்தில் கிளிமூக்கு மாங்காயைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தன. இடது கண்ணிலும் கொஞ்சம் அப்படித்தான்.

அட்டை ஈரத்தில் வளைந்துவிட்டது என்று நினைத்தேன்.

திருப்பவில்லை. ஏன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வெளியே நீளமாக ஆட்கள் நின்றார்கள், உண்மை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, உண்மை. ஆனால் கால் வட்டம் திருப்ப முடியாத அவசரம் என்று ஒன்று கிடையாது. அட்டை வளைந்திருக்கிறது என்பது எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது. நிச்சயமாக இருப்பதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் பார்க்கவில்லை.

பிறகு சீட்டை எடுத்து, முத்திரை வட்டங்களுக்குள் வரைந்தேன். பார்த்தபடி வரையவில்லை. அட்டையின் கோணலைக் கழித்துவிட்டு வரைவதாக எண்ணிக்கொண்டு, ஆறு வட்டங்களையும் நல்ல வட்டமாக வரைந்தேன். இரண்டு கண்ணுக்கும்.

மணி டாக்டர் தடுப்புக்கு மறுபக்கம் அவள் கண்ணின் உள்பகுதியைப் பார்த்தார். நரம்பு, விழித்திரை எல்லாம் சுத்தம். என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தட்டிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வட்டம் சரியா இருந்ததோ?"

"சரியா இருந்தது சார்."

அவர் அவளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அதே குரலில், "வட்டம் சரியா இருந்ததோ?" என்றார்.

அது இரண்டாம் தடவை. எனக்கு அதன் அர்த்தம் தெரியும். எழுந்து போய் அட்டையைக் கையில் எடுத்து ஒரு முறை திருப்பியிருந்தால் போதும். திருப்பிப் பார்த்து, நான் வரைந்தது தவறு என்று தெரிந்துவிட்டால், பார்க்காததை வரைந்தவன் என்று அவர் முன்னால் நிற்க வேண்டும். "சரியா இருந்தது சார்" என்றேன்.

அவர் சீட்டில், பார்வைக் குறைவுக்குக் கண்ணில் காரணம் காணப்படவில்லை என்று எழுதினார். அதில் பொய் இல்லை. என் வரைபடத்தை நம்பியதால் வந்த வாக்கியம். வெளியே கண்டக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தாய் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் ஏதோ நல்லதாக எழுதியிருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

பாலக்காட்டுக்குத் திரும்பிச் சில நாட்கள் கழித்து, அந்த அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்து வாங்கலாம் என்று பையிலிருந்து எடுத்தேன். எறிவதற்கு முன் சும்மா கம்பவுண்டரின் கண்ணில் பிடித்துப் பார்த்தேன். ஆறு வட்டங்களும் அச்சு வார்த்த மாதிரி இருந்தன. மேசைமேல் படுக்க வைத்தேன். ஓர் ஓரம்கூடத் தூக்கவில்லை.

அன்று தொடங்கிய குழப்பம் இன்னும் தீரவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அட்டையை உலர்த்தி நிமிர்த்திவிட்டதா? அல்லது அது வளையவே இல்லையா? மரியபுஷ்பத்துக்கு முன்னால் ஒரு கிழவர் கண்ணிலும் வட்டங்கள் கொஞ்சம் கோணலாகத் தெரிந்ததாக எனக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. அது நிஜமானால் நான் அட்டையைச் சந்தேகித்தது நியாயம். ஆனால் அந்தக் கிழவர் அவளுக்கு முன்னால் வந்தாரா, பின்னால் வந்தாரா, அப்படி ஒருவர் வந்தாரா என்பதே இப்போது எனக்குத் தெரியவில்லை. மாரப்பனின் மீசைப் பேச்சும் அப்படித்தான். என் ஞாபகம் எனக்குச் சாதகமாக வரிசையை மாற்றி அடுக்கிக்கொள்கிறதோ என்ற பயம் இருக்கிறது.

அன்றே மணி டாக்டரின் அறை வாசல்வரை போனேன். அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். "பீர்மேட்டுக்கு மறுபடியும் எப்போ சார்?" என்று கேட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம் என்றார். நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். அட்டை விஷயத்தை அவர் உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை.

அடுத்த வருடம் போனோம். முதல் நாளே அந்த லயத்துக்கு நடந்தேன். அவள் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. கண்டக்டரிடம் கேட்டேன். "கண்ணு தெரியலன்னு நடிச்ச பொண்ணா? அது போய் ரொம்ப நாளாச்சே" என்றார். அவருக்கு அதில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் மீதியைச் சொன்னாள். தாயும் மகளும் குமுளி பஸ் ஏறிக் கம்பம் பக்கம் போனார்களாம். அங்கே யாரிடம் என்று தெரியாது. என்னை எஸ்டேட் ஆள் என்று நினைத்தாளோ என்னவோ, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"போவும்போது அம்ம கையப் புடிச்சிக்கிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனா. நடிக்கவளா இருந்தா, வீட்ட விட்டு எறங்குன பெறவு யாருக்காவ நடிக்கணும்?"

அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வுகள் வந்தன. புதுக் கருவிகள் வந்தன. கூம்புக் கருவிழியை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்திருக்கிறேன்; கடினமான லென்ஸ் பொருத்தி எழுத்துப் படிக்க வைத்திருக்கிறேன். அந்த லென்ஸ் அப்போதே பெரிய ஊர்களில் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அட்டையைத் திருப்பினேன். திருப்பத் தேவையே இல்லாத கருவி வந்த பிறகும் என் கை தானாக ஒரு கால் வட்டம் போகும். உடன் வேலை செய்தவர்கள் அதைக் கேலி செய்வார்கள்.

சண்முகம் அந்தக் கல்லூரிப் பெண்ணின் படத்தைக் காட்டியபோது நான் ஏன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் பச்சை, பின்னால் சிவப்பு. முன்பக்கம் எதுவும் தெரியாமலே நோய் இருக்கலாம். அப்படியென்றால் மரியபுஷ்பத்துக்கும் அப்படி இருந்திருக்கலாம். என்னிடம் இருந்த அட்டையால் எவனுக்குமே தெரிந்திருக்காது. இப்படி நினைத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது அந்த நிம்மதி போய்விட்டது. நான்தான் முன்பக்கத்தில் பார்த்தேனே. பார்த்துவிட்டு, மாற்றி வரைந்தேனே. சண்முகம் பந்தை மாற்றியதும் மேடு மறைந்த மாதிரி, ஒப்பிடும் கணக்கை மாற்றி என் தவறை மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் மறுபடி பொள்ளாச்சிக்குப் போனேன். எறியாமல் வைத்திருந்த அந்தப் பழைய அட்டையை அவர்கள் வரவேற்பறையில் மாட்டி வைக்கச் சண்முகம் கேட்டிருந்தான். கொடுப்பதற்கு முன் என் கண்ணில் ஒரு முறை பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

"வட்டம் கொஞ்சம் நீளமா இருக்குதுங்க சார், குறுக்கால."

"திருப்பு."

திருப்பினான். "அப்படியேதானுங்க நிக்குது."

அப்படியானால் கோணல் என் கண்ணில். கண்புரைக்கு ஆபரேஷன் செய்தபோது போட்ட தையலால் வந்தது. அட்டை நேராக இருக்கிறது. இன்றைக்கு நேராக இருக்கிறது என்பது, அன்றைக்குப் பீர்மேட்டில் எப்படி இருந்தது என்று சொல்லாது. ஆனால் அவன் அதைத் திருப்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கவனித்தேன். ஒரு முறை கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

என் கண்ணின் நிறப்படத்தைத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தத் தாளின் வெற்றுப் பக்கத்தில் மரியபுஷ்பத்தின் வலது கண்ணை வரைந்தேன். பேனாவை வைத்ததும் கை தானாகப் போனது. கீழே நெருக்கம், மேலே விலகல், ஆறு கோடுகள். தலைகீழ்க் கிளிமூக்கு மாங்காய். பஸ் குலுங்கியதில் கோணியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

கோபாலபுரம் சோதனைச்சாவடியில் பஸ் நின்றது; குலுக்கல் இல்லை. முதல் படத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு முறை வரைந்தேன். அதே வடிவம்தான் வந்தது.